கிழமைக் காசு

வன்னிக் கிராமமொன்றில் இன்று என்ன கிழமை என்று அறியக் கலண்டர் தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. எந்த வளவில் பெண்கள் கூடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். செவ்வாய் என்றால் ஒரு கொம்பனி, வியாழன் என்றால் இன்னொன்று. மாமரத்துக்குக் கீழே பாய் விரித்திருக்கும். கையில் கொப்பி, கொப்பிக்குள் மடித்து வைத்த காசு. மோட்டார் சைக்கிளில் ஒரு பெடியன் வருவான். ‘அக்கா, இந்தக் கிழமைக் காசு?’ என்பான். ‘தம்பி, நாளைக்கு வாவன்’ என்று ஒருத்தி இழுத்தால் மற்ற நால்வரின் முகமும் மாறும். அவள் கட்டாததை அவர்கள்தான் போட்டுக் கட்டவேண்டும். அதுதான் குழுக்கடனின் சட்டம்.

போர் முடிந்து பத்து ஆண்டுகளுக்குள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் ஊர்களில் இது நித்திய காட்சியாகிவிட்டது. தருமபுரத்திலும் விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் நெடுங்கேணியிலும் ஒரே வீட்டில் இரண்டு மூன்று கொப்பிகள் இருந்தன. வறுமையை ஒழிக்க வந்த கடன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அப்படியானால் வறுமை என்ன ஆனது?

இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்குப்படி 2012/13இல் நாட்டிலேயே வறுமை கூடிய மாவட்டம் முல்லைத்தீவு: 28.8 வீதம். அப்போது கிளிநொச்சி 12.7 வீதம். 2016இல் முல்லைத்தீவு 12.7 ஆக இறங்கியது. கிளிநொச்சியோ 18.2 ஆக ஏறி, முதலிடத்தைப் பிடித்தது. அந்த ஆண்டு நாட்டின் சராசரி வெறும் 4.1 வீதம். ஏ9 வீதியின் இரு மருங்கும் வங்கி, லீசிங், பினான்ஸ் பலகைகளால் நிறைந்துகொண்டிருந்த அதே நான்கு ஆண்டுகள் இவை. கடன்தான் வறுமையைக் கூட்டியது என்று இந்த எண்களை மட்டும் வைத்து நான் சொல்லமாட்டேன். வரட்சி இருந்தது, வேலை இல்லாமை இருந்தது. ஆனால் கடன் பெருகினால் வறுமை குறையும் என்று பிரசங்கம் செய்தவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நகையும் இல்லை, உறுதியும் இல்லை

2009 மே மாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். மெனிக் பாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். திரும்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது 25,000 ரூபா, கொஞ்சத் தகரம், ஒரு தறப்பாள், சில மாதங்களுக்கு உலர் உணவு. வீடு இல்லை, மாடு இல்லை, உழவு இயந்திரம் இல்லை. கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்றும் தெரியாது.

பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. காசு கட்டம் கட்டமாக வரும். வேலையை வீட்டுக்காரரே நின்று முடிக்க வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் வீடு கட்டினால் மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் எங்கே நிற்கும்? அத்திவாரம் போட்டாயிற்று, சுவர் எழுந்தாயிற்று, கூரைக்கு வந்தபோது கை வெறுமையாகிவிட்டது. வன்னியில் பல குடும்பங்களின் முதல் கொப்பி அந்தக் கூரையில்தான் தொடங்கியது. உழைப்பைப் பெருக்க வாங்கிய கடன் இல்லை அது. வீட்டை முடிக்க வாங்கிய கடன். அந்த வீடு கிழமைக்கு ஒரு சதமும் உழைத்துத் தராது.

ஏன் வங்கிக்குப் போகவில்லை என்று கொழும்பிலிருந்து கேட்பது எளிது. வடபகுதிப் பெண்ணின் வங்கி அவளுடைய காப்பும் சங்கிலியும். அவசரம் என்றால் அடைவு வைப்பாள், விளைச்சல் வந்தால் மீட்பாள். போர்க்காலத்தில் பலர் நகையைப் புலிகள் நடத்திய தமிழீழ வைப்பகத்தில் அடைவு வைத்திருந்தார்கள். கையில் இருந்ததில் ஒரு பகுதி முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் ஒரு கிலோ அரிசிக்குப் போனது. படையினர் மீட்டெடுத்த நகைகளில் ஒரு தொகுதி 2014இல் கிளிநொச்சியில் வைத்து உரியவர்களுக்குக் கொடுக்கப்பட்டது; இன்னொரு தொகுதியை இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்தது 2025 மே மாதத்தில். பதினாறு ஆண்டுகள்! அந்தப் பதினாறு ஆண்டுகளும் அந்த நகைக்குரிய பெண்கள் எதை அடைவு வைத்தார்கள்?

காணியை ஈடு வைக்கலாம்தானே என்றால், இரணைமடுவுக்குக் கீழேயும் குடியேற்றத் திட்டங்களிலும் உள்ள காணிகளில் பெரும்பகுதி அரசாங்கப் பெர்மிட் காணி, உறுதிக் காணி இல்லை. பெர்மிட் பெரும்பாலும் கணவன் பெயரில். கணவன் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் வேண்டும். காணாமல் போயிருந்தால்? அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கும் மனைவி, கடனுக்காக மரணச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுப்பாளா? காணாமல் போனவர்களைத் தேடி 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் கொட்டில் போட்டுக் குந்திய தாய்மாரையும் மனைவிமாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கு கிழக்கில் சுமார் 89,000 போர் விதவைகள் இருக்கிறார்கள் என்று 2010இல் பிரதி அமைச்சர் ஹிஸ்புல்லாவே சொன்னார்.

நகையும் இல்லாத, உறுதியும் இல்லாத, சம்பளச் சீட்டும் இல்லாத இந்தப் பெண்ணின் வாசலுக்குத்தான் ஒருவன் வந்து சொன்னான்: ஒன்றும் வேண்டாம் அக்கா, ஐந்து பேர் சேருங்கோ, அடையாள அட்டையின் போட்டோக் கொப்பியைத் தாங்கோ, நாளைக்குக் காசு. அவள் வாங்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

ஐம்பதினாயிரத்தின் கணக்கு

ஐந்து பேர் குழு என்பது பங்களாதேஷில் முகமது யூனுஸ் செய்து காட்டியது. 1976இல் சிட்டகாங்குக்கு அருகே ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு மொத்தமாக 27 டொலர் கொடுத்து அவர் தொடங்கியது, 1983இல் கிராமீன் வங்கியானது. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் சேர்த்து நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. கிராமீன் வங்கியில் கடன் வாங்கிய பெண்களே பங்குகாரர்கள். வன்னிக்கு வந்தபோது குழு வந்தது, கிழமைத் தவணை வந்தது. பங்கு வரவில்லை. இலாபம் கொழும்பிலுள்ள பங்குதாரர்களுக்குப் போனது.

வட்டியைப் பார்ப்போம். ஒரு மாதிரிக் கணக்கு. 50,000 ரூபா கடன், கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 52 கிழமை. மொத்தம் 65,000. பதினைந்தாயிரம்தானே வட்டி, முப்பது வீதம் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் கையில் ஐம்பதினாயிரம் ஆண்டு முழுவதும் இருக்கவில்லை. முதற் கிழமையிலிருந்தே முதல் கரைகிறது. ஆறாம் மாதம் பாதிக்காசுதான் அவளிடம் இருக்கிறது. வட்டியோ முழுக் காசுக்கும் போகிறது. குறைந்து செல்லும் நிலுவைக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 54 வீதம். ஆவணச் செலவு, காப்புறுதி என்று ஆரம்பத்திலேயே 2,500 ரூபாவை வெட்டிக்கொண்டு 47,500ஐக் கையில் கொடுத்தால் அது 65 வீதத்தைத் தொடும். இந்தக் கணக்கை மாமரத்தடியில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் குவான் பப்லோ போஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி 220 வீதம் வரை போவதாகப் பதிவு செய்தார். தவணை கட்ட முடியாத பெண்களிடம் சில அறவீட்டாளர்கள் பாலியல் இலஞ்சம் கேட்டதையும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்த, ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது.

எல்லா அறவீட்டாளர்களும் அப்படி என்று எழுதுவது அநியாயம். அவர்களில் அநேகர் பக்கத்து ஊர்ப் பெடியள். அந்தப் பெடியனுக்கு மேலே ஒரு முகாமையாளர், அவருக்கு மேலே ஒரு மாத இலக்கு. காசில்லாமல் திரும்பினால் அவனுடைய சம்பளத்தில் கை வைப்பார்கள். அவன் ஓடும் மோட்டார் சைக்கிளும் லீசிங்கில் எடுத்ததாக இருக்கலாம்.

வயலுக்குத் தெரியாத கிழமை

வட்டியை விட மோசமானது தவணையின் நாள். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வன்னியில் காலபோகத்துக்கு விதைப்பது ஐப்பசி, கார்த்திகையில். அறுவடை தை, மாசியில். இடையில் உழவு, விதைநெல், பசளை, களைநாசினி என்று செலவு மட்டும்தான். விதைப்புக்குக் கடன் வாங்கியவள் அடுத்த கிழமையே தவணை கட்டத் தொடங்க வேண்டும் என்றால் எதிலிருந்து கட்டுவாள்? நெற்பயிர் கிழமைக்குக் கிழமை கதிர் தள்ளுவதில்லை. பசுக்கன்று வாங்கியவளுக்கும் அதே கதி: கன்று வளர்ந்து, சினைப்பட்டு, ஈன்று, பால் தரும் நாளுக்குள் 52 கிழமையும் முடிந்துவிடும். ஆகவே செவ்வாய்க் கொம்பனிக்குக் கட்ட வியாழக் கொம்பனியிடம் வாங்கினார்கள். வியாழக் கொம்பனிக்குக் கட்ட, நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்கு வாங்கினார்கள். மூன்று கொப்பிகள் வந்த வழி இதுதான். பேராசை என்று பேசுகிறவர்களுக்கு வயலும் தெரியாது, கன்றும் தெரியாது.

இதன்மேல் 2016, 2017 வரட்சி விழுந்தது. குளங்கள் வற்றின, வயல்கள் தரிசாகக் கிடந்தன. தவணை மட்டும் நிற்கவில்லை. வரட்சி போன கையோடு 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறக்க நேர்ந்தது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்தன.

வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் வீதிக்கு இறங்கிய பிறகுதான் அரசாங்கம் அசைந்தது. 2018இல் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையிலுள்ள, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அதில் அடங்கின. நாடு முழுவதும் சுமார் 75,000 பெண்களுக்குப் பயன் என்றார்கள். 35 வீத வட்டி உச்சவரம்பும் வந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் தாலிக்கொடியை விற்றாவது ஒழுங்காகத் தவணை கட்டி வந்தவளுக்கு அந்தத் தள்ளுபடியில் ஒன்றும் கிடைக்கவில்லை. உச்சவரம்பு உரிமம் பெற்றவர்களை மட்டும் கட்டியது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின்கீழ் அப்போது உரிமம் எடுத்திருந்த கொம்பனிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவையாகவே இருந்தன.

இது தமிழ்ப் பெண்களின் பிரச்சினை மட்டும் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2021 மார்ச் 8ஆம் திகதி பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகத் தொடங்கிய சத்தியாக்கிரகம் பதில் சொன்னது. வாரக்கணக்கில் அவர்கள் வீதியோரம் இருந்தார்கள். அதே ஆண்டு இரசாயனப் பசளைத் தடை. அடுத்த ஆண்டு நாடே கடன் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்தது. நாட்டுக்குக் கடன் மறுசீரமைப்பு உண்டு, பேச்சுவார்த்தை உண்டு, அவகாசம் உண்டு. விசுவமடுப் பெண்ணுக்கு அடுத்த செவ்வாய்தான் உண்டு.

கச்சான் கடையும் பப்பாசித் தோட்டமும்

இவ்வளவும் எழுதியதால் கடனே வேண்டாம் என்கிற கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். சிறுகடன் உதவுகிற இடங்கள் இருக்கின்றன. அவற்றைக் கிட்ட நின்று பார்த்தால் எது உதவுகிறது என்பதும் தெரியும்.

வைகாசி விசாகத்தை ஒட்டி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போனவர்களுக்குக் கச்சான் கடைகள் தெரியும். வரிசையாகப் பெண்கள். தாச்சியில் மணலைச் சூடாக்கி, கச்சானைக் கொட்டி, அகப்பையால் கைவிடாமல் கிளறுவார்கள். மணல் போதிய சூடு ஏறாவிட்டால் பருப்பு பச்சை வாடை அடிக்கும். கூடிவிட்டால் கோது கருகும். சுண்டால் அளந்து, கடதாசிப் பையில் கட்டிக் கொடுப்பார்கள். இந்தத் தொழிலுக்குத் தேவை ஒரு மூடை கச்சானுக்கான காசு, அதுவும் திருவிழாவுக்கு முன்னரே. இரண்டு மூன்று கிழமையில் முதலும் திரும்பும், கையிலும் கொஞ்சம் நிற்கும். இங்கே சிறுகடன் கச்சிதமாகப் பொருந்துகிறது. மிளகாய்த்தூள் அரைப்பவளுக்கு, கருவாடு வாங்கி விற்பவளுக்கு, இடியப்பம் அவித்துக் கடைக்குப் போடுபவளுக்கும் அப்படித்தான். நாளாந்தம் காசு புரளும் தொழிலுக்குக் கிழமைத் தவணை பாரமில்லை. நெல்லுக்கும் மாட்டுக்கும் வீட்டுக்கும் அதே அச்சை வைத்தார்களே, அங்கேதான் பிழை.

வவுனியா வடக்கில் இன்னொரு வகை நடந்தது. சர்வதேச தொழில் அமைப்பின் திட்டமொன்றின் துணையோடு அங்கே பழச்செய்கையாளர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. ‘ரெட் லேடி’ பப்பாசி நட்டார்கள். பழத்தை ஏற்றுமதிக் கொம்பனி ஒன்று எடுத்தது. அங்கே முதலில் பேசப்பட்டது கடன் இல்லை. பழத்தை யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார் என்பதுதான். பப்பாசி காய்க்கத் தொடங்கினால் கிழமைக்குக் கிழமை பறிக்கலாம். விற்பனை நிச்சயம் என்றான பிறகு வரும் கடன் தோள் கொடுக்கும். விற்க வழியில்லாத ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தையல் மெஷினும் கோழிக்குஞ்சும் வாங்கக் கடன் கொடுத்தால், ஊரில் தையல்காரிகள் கூடுவார்கள், தைப்பதற்குத் துணி கூடாது.

ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. பொஸ்னியா, எதியோப்பியா, இந்தியா, மெக்ஸிக்கோ, மொங்கோலியா, மொரோக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடந்த பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளியான ஆய்வுகளின் முடிவு: நுண்கடனால் கொஞ்சம் நன்மை உண்டு, ஆனால் வாழ்க்கையை மாற்றிப்போடும் மாயம் இல்லை. கொல்கத்தாவில் முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாக முதலிட்டார்கள், பின்னாளில் கூடுதல் இலாபமும் கண்டார்கள். கட்டாமல் விட்டவர்களும் அவர்களுக்குள் கூடினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொம்பனிகள் அவகாசம் கொடுக்கத் தயங்குவது அதனால்தான்.

நம் நாட்டு ஆய்வு ஒன்று இன்னும் கவனிக்க வேண்டியது. பேராதனைப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சுரேஷ் டி மெல் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்வோருக்குக் குலுக்கல் முறையில் 10,000, 20,000 ரூபா இனாமாகக் கொடுத்துப் பார்த்தார். ஆண்களின் தொழிலில் அந்தக் காசு நல்ல இலாபம் தந்தது. பெண்களின் தொழிலில் ஒன்றுமில்லை. பெண்ணுக்குக் கெட்டித்தனம் இல்லை என்று அவசரப்பட வேண்டாம். அவள் பெயரில் வந்த காசு வீட்டிலுள்ள கணவனின் தொழிலுக்குப் போய்விடுகிறது. வீட்டில் அவளுடைய தொழில் மட்டும்தான் என்றால் ஆணுக்கு நிகராகவே அவளும் சம்பாதிக்கிறாள் என்று பிந்திய ஆய்வு காட்டியது. வன்னியில் ஆயிரக்கணக்கான வீடுகளில் உழைப்பவள் அவள் ஒருத்திதான். அந்தக் கணக்குப்படி, சரியான முறையில் கொடுத்தால் கடன் நன்றாக வேலை செய்யக்கூடிய மண் இது.

சொந்தக் காசு

சரியான முறை என்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்தது 1911இல். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு மாகாண வங்கி 1929இல் எழுந்தது. மக்கள் வங்கியே 1961இல் கூட்டுறவு வங்கிகளின் வழிவந்ததுதான். சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம் என்ற நீண்ட பெயர் இன்றைய இளையவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அதில் கடன் கொடுப்பவளும் வாங்குபவளும் ஒரே ஒழுங்கையில் இருக்கிறார்கள். இவளுக்கு வயல், ஆகவே மாசியில் கட்டட்டும் என்று அந்தச் சங்கத்தால் தீர்மானிக்க முடியும். வட்டி குறைவு, வந்த வட்டியும் ஊரிலேயே நிற்கும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் சுழற்சி நிதியும் இப்படித்தான் ஓடுகிறது. சங்கங்களில் குளறுபடி இல்லையா? உண்டு. தலைவியின் மச்சாளுக்கு முதலில் கடன், கணக்குக் கொப்பி காணாமல் போவது, அரசியல்வாதி வந்து கதிரையில் குந்துவது எல்லாம் உண்டு. கூட்டுறவுத் திணைக்களத்தின் கணக்காய்வு காலத்துக்குக் காலம் ஒழுங்காக நடந்தால் அவற்றில் பாதியைப் பிடித்துவிடலாம்.

சங்கங்களுக்கு இல்லாதது முதல். அரசாங்கம் நிவாரணம் என்று கொம்பனிகளின் நிலுவையைக் கட்டிக் கொடுப்பதைவிட அந்தக் காசைச் சங்கங்களில் வைப்பிலிட்டிருக்கலாம் என்பது என் கருத்து. புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. கோயில் கோபுரத்துக்கு அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் கொஞ்சத்தை உங்கள் ஊரில் பதிவு செய்யப்பட்ட கடனுதவுச் சங்கத்தில் நிலையான வைப்பாகப் போட்டு வையுங்கள். இனாமாகக் கொடுக்க வேண்டியதில்லை. காசு உங்களுடையதாகவே இருக்கும்.

இந்த இதழை வாசித்துக்கொண்டிருக்கும் சகோதரி, உங்கள் வாசலிலும் இந்தக் கிழமை யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தலாம். கையில் எவ்வளவு தருவீர்கள், எத்தனை கிழமை, மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும், முதல் தவணை எப்போது என்று கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள், ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியையும் கேளுங்கள். உங்கள் வயல் எப்போது விளையும், மாடு எப்போது கறக்கும் என்று அந்தத் தவணையோடு பொருத்திப் பாருங்கள். பொருந்தாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.